நீச்சல் குளத்தைச் சுற்றி என்ன தரை போட்டால் வழுக்காது?

வீட்டு நீச்சல் குளத்தின் விளிம்பைச் சுற்றி நாம் நடக்கிற, எப்போதும் ஈரமாக இருக்கிற தரையைத்தான் பூல் டெக் என்கிறார்கள். அங்கே வழுக்குவதற்குக் காரணம், பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கும் மெல்லிய நீர்ப்படலம். பளபளப்பான கல்லில் அந்த நீர் ஒதுங்க இடமில்லை. சொரசொரப்பான கல்லில் அது பள்ளங்களுக்குள் போய்விடும், கால் கல்லைப் பிடிக்கும். தேய்ந்த அம்மியைக் கொத்திவிட்டால்தான் மிளகாய் நழுவாமல் அரைபடும் இல்லையா, அதே சங்கதி.

நம் ஊர் வெயிலுக்கு வெளிர் நிறக் கிரானைட்டை ஃப்ளேம்டு ஃபினிஷில் வாங்குவதே என் முதல் தேர்வு. மேற்பரப்பைத் தீயால் சுட்டு, பொடிப்பொடியாகத் தெறிக்க வைத்த கல் அது. கறுப்புக் கடப்பாக் கல் வேண்டவே வேண்டாம், மே மாத மதியத்தில் குழந்தைகளின் கால் கொப்பளித்துவிடும்.

கல்லைவிட முக்கியம், போடும் விதம். தரை குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். இல்லாவிட்டால் மழைச் சேறு குளத்துக்குள் வரும். அடிமண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்காமல் கான்கிரீட் போட்டால் தரை இறங்கிவிடும். குளச் சுவரும் தரையும் தனித்தனியாக அசைபவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், விரிசல் விடும்; இழுபடும் சீலன்ட்தான் சரி.

அப்புறம், டைல்ஸ் பெட்டியில் ஆர்11 என்ற வழுக்காத தன்மைக் குறியீடு இருந்தால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெய் தடவிய தரையில் காலணியோடு நடந்து பார்த்த சோதனை. ஈரமான வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனிப் பிரிவுகள் உண்டு, குளத்தோரத்துக்கு பி அல்லது அதைவிடப் பிடிப்பான சி இருக்க வேண்டும்.