மாரடைப்புக்குப் பிறகு எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ.க்கு கான்ட்ராஸ்ட் மருந்து எதற்கு?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது, எக்கோவும் ஆஞ்சியோவும் பார்த்தாகிவிட்டது, இப்போது இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள், அதற்கு மருந்து ஏற்றியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினோரு வருடங்களாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ஸ்கேன் அறை வாசலில் இதே கேள்வியோடு நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

மருந்தில்லாமலும் இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். எந்தச் சுவர் அசையவில்லை என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அசையாத அந்தத் தசை செத்துவிட்டதா, ரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா? சோர்ந்து கிடப்பதென்றால் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ததும் மீண்டும் வேலை செய்யும். செத்ததென்றால் செய்யாது. இதைத் தெளிவாகக் காட்டத்தான் மருந்து.

அந்த மருந்தில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். காந்தத்துக்குள் இது எங்கே தங்குகிறதோ அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். உலோகத்தைத் தனியாக உடம்பில் விட்டால் நஞ்சு என்பதால் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் அடைத்துத்தான் ஏற்றுகிறோம். கூண்டோடு அது ரத்தக்குழாயை விட்டு வெளியேறி, செல்களுக்கு இடையே இருக்கும் சந்துகளில் பரவும். உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் சந்து குறைவு. வந்த மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். மாரடைப்பில் செத்த செல்லின் சவ்வு கிழிந்திருக்கும், மருந்து உள்ளேயும் புகுந்து நிற்கும். வாரக்கணக்கில் அந்த இடம் தழும்பாக மாறிய பிறகும் நார்களுக்கு நடுவே இடம் அதிகம் என்பதால் அங்கேயே தேங்கும். மழை விட்டு அரைமணி நேரம் கழித்துத் தெருவைப் பாருங்கள்: மேடு காய்ந்திருக்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

அதனால்தான் ஊசி போட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கிறோம். வெளியே நிற்பவர்களுக்கு ஏதோ கோளாறு என்று தோன்றும். வடிய வேண்டியது வடிவதற்கான நேரம் அது. பிறகு வேறு வேறு கால அளவுகளில் சோதனைப் படங்கள் எடுத்து, நல்ல தசை மிகக் கறுப்பாக விழும் அளவைத் தேர்ந்தெடுப்போம். குறுக்குவெட்டில் இடது கீழறை ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும். மாரடைப்பு வந்த இதயத்தில் அந்த வளையத்தின் உள்விளிம்பை ஒட்டி வெள்ளைப் பிறை ஒன்று இருக்கும். உள்விளிம்பு என்பது முக்கியம்: ரத்தம் நின்றால் தசை உள்ளிருந்து வெளியே நோக்கித்தான் சாகிறது. வெள்ளை உள்விளிம்பைத் தொடாமல் நடுச்சுவரிலோ வெளிவிளிம்பிலோ மட்டும் இருந்தால், மருத்துவர்கள் இதயத்தசை அழற்சி போன்ற வேறு நோயைத் தேடுவார்கள்.

பிறையின் தடிமன்தான் அப்பாவின் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டியது. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் குழுவினர் 2000ஆம் ஆண்டு 50 நோயாளிகளிடம் இதை அளந்து காட்டினார்கள். வெள்ளையே இல்லாத சுவர்ப்பகுதிகளில் பெரும்பாலானவை அடைப்பைச் சரிசெய்த பின் அசையத் தொடங்கின. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையாக இருந்த 58 பகுதிகளில் ஒன்றுதான் தேறியது. (உலோகத்தை ஏற்றிச் செத்த தசையைப் பிரித்துப் பார்க்கும் எண்ணம் அதற்கும் முந்தையது. 1978இல், எம்.ஆர்.ஐ.யை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் லாட்டர்பரின் குழு, இதயத்தமனியை அடைத்த நாய்களில் மாங்கனீசு ஏற்றிப் பார்த்தது. மாங்கனீசு நேர்மாறு: உயிருள்ள செல்லுக்குள் நுழையும்.)

என் பெரியப்பாவுக்கு எக்கோவில் முன்சுவர் முழுதும் அசையவில்லை. பைபாஸ் செய்து பயனுண்டா என்று மருத்துவர்களே தயங்கினார்கள். ஸ்கேனில் வந்தது நகத்துண்டு போல மெல்லிய வெள்ளைக் கோடு. மீதித் தசை கறுப்பு, அதாவது உயிரோடு இருந்தது. அன்று திரை முன்னால் என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அறுவை நடந்தது, ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் அந்தச் சுவர் அசைந்தது.

ஆபத்து பற்றி: முதலில் சிறுநீரகத்தைப் பாருங்கள். கடோலினியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோய்க்கும் சில கடோலினிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளியே வந்தது. அதன் பிறகு எச்சரிக்கை கூடியது. உலோகத்தை இறுக்கமாகப் பிடிக்கும் வளையக் கூண்டு மருந்துகள் முன்னுக்கு வந்தன, அவற்றில் அந்த நோய் மிக மிக அரிது. ஆகவே கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். அதில் வரும் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் கணக்கு, 30க்குக் கீழே இருந்தால், அல்லது டயாலிசிஸ் நடந்தால், ஊசிக்கு முன்பே வாய்திறந்து சொல்லுங்கள். எந்த வகை மருந்து என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆஞ்சியோவில் போட்டது அயோடின் மருந்து, இது வேறு. ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டையைக் காட்டுங்கள், இப்போதைய ஸ்டென்ட்களோடு ஸ்கேன் எடுக்கலாம்.

இன்னொன்று. ஸ்கேனுக்குள் "மூச்சை இழுங்கள், விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்று பலமுறை சொல்வோம். நிறுத்தாவிட்டால் அந்த மெல்லிய பிறை கலங்கிப்போகும். மருத்துவர் சரி என்றால், முந்தின நாளே அப்பாவைப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டுப் பத்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லி நாலைந்து முறை பழக்கிவிடுங்கள்.