யாருக்கு உல்லாசம்? வன்முறைச் செய்திகள் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

ஒரு நாளிதழில் 16 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். பெண்கள் மீதான வன்முறையைப் பத்திரிகையும் டிவியும் சினிமாவும் காட்டும் விதம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நிருபர், மதுரை: அக்கா, போலீஸ் கொடுக்கும் குறிப்பிலேயே ‘மாணவியிடம் சில்மிஷம்’ என்றுதான் இருக்கிறது. அதை நான் மாற்றி எழுதலாமா?

தாராளமாக மாற்றலாம் தம்பி. தகவல்தான் போலீஸுடையது, வார்த்தை உங்களுடையது. சின்னப்பிள்ளை சர்க்கரை டப்பாவில் கைவிட்டால் அது சில்மிஷம். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உடம்பில் ஒரு ஆசிரியர் கைவைத்தால் அது பாலியல் குற்றம். அப்படியே எழுதுங்கள்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி, பக்கம் முடிக்கிற அவசரத்தில், 14 வயதுச் சிறுமியைப் பற்றிய செய்தி என் கைக்கு வந்தது. ‘ஆசை வார்த்தை கூறி உல்லாசமாக இருந்தார்’ என்று ஒரு வரி. ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன், அந்த வரியைத் தொடவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையின் அத்தை அலுவலகத்துக்குப் போன் செய்தார். திட்டவில்லை, அழவில்லை. “உல்லாசம்னு போட்டிருக்கீங்களே, யாருக்கும்மா உல்லாசம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்தவர் ‘சம்மதித்தார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். குற்றம் செய்தவன் அவனாக இருக்க, கற்பை இழந்தவள் அவள் என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பாலியல் வன்கொடுமை என்று எழுதுங்கள். கணவன் மனைவியை வெட்டிக் கொன்றதற்குக் ‘குடும்பத் தகராறு’ என்று தலைப்புப் போடாதீர்கள். தகராறு என்றால் இரண்டு பேர் சண்டை போட்டிருக்க வேண்டும். ‘காதலிக்க மறுத்ததால் மாணவி கொலை’ என்பதிலும் இதே கோளாறுதான். மறுத்தது அவள் தப்பு என்று படிக்கிறவர் மனதில் பதிந்துவிடும்.

இதழியல் மாணவி, கோவை: பெயரை மாற்றிவிட்டாலே போதாதா மேடம்?

போதாது. ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே ஊர், பள்ளிக்கூடம், அப்பா வைத்திருக்கும் கடை எல்லாவற்றையும் எழுதினால், அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 72-வது பிரிவும் போக்சோ 23-வது பிரிவும் அடையாளம் தெரியும்படியான எதையும் வெளியிடக் கூடாது என்கின்றன. பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தாலும் இது பொருந்தும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மீறுவது பத்திரிகைகள் மட்டுமல்ல. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், அவருடைய விவரங்கள் இருந்த முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2019-ல், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து வீடியோ எடுத்த பொள்ளாச்சி வழக்கு வெடித்தபோது ஒரு பெண்ணின் அழுகுரலை சேனல்கள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. வாட்ஸ்அப்பில் அது வராத போனே இல்லை. ‘விழிப்புணர்வுக்காக’ என்றுதான் அனுப்பியவர்கள் சொன்னார்கள். அவள் வாழ்நாளில் மறக்க நினைக்கும் நிமிடத்தை ஊரே கேட்பது எந்த விதத்தில் விழிப்புணர்வு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2025 மே 13 அன்று அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் பரவிய குரலைத் திரும்ப வாங்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

உதவி இயக்குநர், சென்னை: ஹீரோ ஒரு பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காட்டினால் குற்றம் பெருகும் என்கிறார்களே, சினிமாவைப் பார்த்தா கெட்டுப்போகிறார்கள்?

ஒரு படம் பார்த்து ஒருவன் கொலைகாரனாகிறான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் அதற்கு ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்று அர்த்தம் என நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது யார்? 2013-லிருந்தே பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது தனிக் குற்றம். முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோதாவது நம் திரைக்கதைகளைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கதையில் அவன் பின்னால் வரும்போது கேமராவை அவள் பக்கம் வையுங்கள். பஸ் ஸ்டாப்பை மாற்றுகிறாள், துப்பட்டாவை இழுத்துவிடுகிறாள், வீட்டில் சொன்னால் காலேஜை நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறாள். அதற்கு டூயட் மெட்டு ஒத்துவருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

குடும்பத் தலைவி, தஞ்சாவூர்: சீரியலில் தினமும் அடி வாங்குகிறாள், கடைசியில் அவனே திருந்திவிடுகிறான். இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21) ஏதோ ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் சுமார் 14 சதவீதம்தான். முந்நூறு எபிசோடில் ஒன்றிலாவது அவள் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போடட்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது. விவாகரத்து வாங்காமலேயே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவளைத் திடீரென்று தெருவில் தள்ள முடியாது. இதை ஒரு நாயகி வாயால் சொல்ல வைத்தால் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும்!

அம்மா, திருச்சி: இந்த மாதிரிச் செய்தி வந்தால் பிள்ளைகள் முன்னால் சேனலை மாற்றிவிடுகிறேன். சரிதானே?

மாற்ற வேண்டாம். சத்தத்தைக் குறைத்துவிட்டு, “உன்னை யாராவது இப்படித் தொட்டால் என்னிடம் சொல்லு, நான் உன்னைத் திட்டமாட்டேன்” என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் சொல்லிக்கொடுங்கள்.

பெயர் வேண்டாம்: எட்டு வருஷம் அடிவாங்கி வெளியே வந்தவள் நான். என் கதையைப் பேச யூடியூப் சேனல் ஒன்றில் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா?

தங்கச்சி, முடிவு உங்களுடையது. உங்கள் கதை இன்னொருத்திக்குக் கதவைத் திறக்கலாம். ஆனால் வழக்கு நடக்கிறதென்றால் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். பேசியதை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். வக்கீல் இல்லையென்றால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு வைத்திருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சட்ட உதவி கேட்கலாம்.

முகம் காட்டலாமா, குரலை மாற்ற வேண்டுமா, பிள்ளைகள் பெயர் வரக்கூடாதா, எல்லாவற்றையும் முன்பே எழுதி வாங்குங்கள். வெளியிடும் முன் எனக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், என்ன தலைப்பு வரும் என்றும் கேளுங்கள். அங்கேதான் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் போகாதீர்கள். போவதாக இருந்தால் தோழியையோ அக்காவையோ கூட்டிப்போங்கள். நடுவில் முடியவில்லை என்றால் ‘நிறுத்துங்கள்’ என்று நீங்களும் சொல்லலாம், கூட வந்தவரும் சொல்லலாம்.