ஜாவா, பாலி பக்கம் கையெழுத்துச் சுவடிகளை எப்படி செஞ்சாங்க? நம்ம ஓலைச்சுவடி மாதிரியேவா?

பாலியைப் பொறுத்தவரை ஆமாங்க, அதே பனை ஓலைதான், மரம் கூட நம்ம பனைமரமேதான். ஜாவா கதை கொஞ்சம் வேற, அதுக்கு அப்புறம் வரேன்.

பாலியில சுவடிக்கு லொந்தார்னு பேர். ரோன்னா இலை, தால்னா பனை, ரொந்தால்னு இருந்தது நாக்குல புரண்டு லொந்தார் ஆயிடுச்சு. நான் பாலி போனப்ப கிழக்குப் பக்கம் தெங்கனான்னு ஒரு பழைய கிராமத்துக்குப் போனோம், அங்க ஒரு பெரியவர் வீட்டு வாசல்லயே உக்காந்து ஓலையில எழுதிக்கிட்டு இருந்தாரு, நாங்க அடுத்த இடத்துக்குப் போகணும்ங்கறதையே மறந்துட்டு பக்கத்துல உக்காந்துட்டேன். அவர் கையில இருந்தது பெங்ருபாக். நம்ம எழுத்தாணி ஊசி மாதிரி இருக்கும்ல, இது சின்ன கத்தி மாதிரி, முனை மட்டும் முக்கோணமா கூரா இருக்கு. வலது கையில அதைப் பிடிச்சு, இடது கட்டைவிரலால மெதுவா தள்ளித் தள்ளி கீறறாரு. ஒரு பக்கம் முடிச்சுட்டு என்கிட்ட காட்டினாரு, ஒண்ணுமே தெரியல, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாதான் கீறல் தெரியுது. அப்புறம் கெமிரின்னு ஒரு கொட்டை, எண்ணெய்ப் பசை நிறைய இருக்கும், அதைக் கரியா எரிச்சு வெச்சிருந்தாரு, அந்தக் கரியை எடுத்து ஓலை முழுக்கத் தேய்ச்சாரு பாருங்க, அய்யோ இவ்வளவு நேரம் எழுதினது பாழாப் போச்சேன்னு எனக்குப் பதறிடுச்சு. ஒரு துணியால ஒரே இழுப்பு. மேல இருந்த கரி எல்லாம் போயி கீறல்ல மட்டும் நின்னுடுச்சு, நாலு வரி எழுத்தும் கறுகறுன்னு மேல வந்துடுச்சு. நம்ம ஊர்ல மையாடல்னு சொல்லுவாங்களே, அதேதான்.

எழுதறது கடைசி வேலைதான், அதுக்கு முன்னாடி ஓலையைத் தயார் பண்றதுக்குத்தான் மாசக்கணக்குல ஆகும். வெட்டின ஓலையை வெயில்ல காய வெச்சு, சில நாள் தண்ணியில ஊறப்போட்டு, தேய்ச்சுக் கழுவி, ஈர்க்கைக் கிழிச்சு எடுத்துட்டு, மூலிகை போட்டு பெரிய பானையில மணிக்கணக்கா வேக வைப்பாங்க, பூச்சி அரிக்காம இருக்க. மறுபடி காய வெச்சு மரத்துல செஞ்ச ஒரு இறுக்கிக்கு நடுவுல அடுக்கி அழுத்தி வைக்கணும், இல்லன்னா ஓலை சுருண்டுக்கும். அப்புறம்தான் அளவா நறுக்கி மூணு ஓட்டை போடறது, ரெண்டு ஓரத்துல ரெண்டு, நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி ஒண்ணு. வரி கோணாம வர்றதுக்கு மை நனைச்ச நூலை ஓலை மேல சுண்டி கோடு போடறாங்க, நம்ம ஆசாரிங்க பலகையில நூல் அடிக்கற மாதிரியே. எழுதி முடிச்ச ஏடுகளை நூல்ல கோத்து ரெண்டு சட்டத்துக்கு நடுவுல கட்டுவாங்க, நூல் நுனியில ஓட்டை போட்ட பழைய சீனக்காசு ஒண்ணு தொங்கும்.

எழுத்தும் நமக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பல்லவர் எழுத்துல இருந்து கவின்னு சொல்ற பழைய ஜாவா எழுத்து, அதுல இருந்து ஜாவா எழுத்தும் பாலி எழுத்தும். அந்தப் பெரியவர் "கோ"ன்னு ஒரு எழுத்தை எழுதிக் காட்டினாரு, எழுத்துக்கு முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால்! எனக்கு மேல் சிலிர்த்துடுச்சு, உண்மையா.

ஜாவாவுலயும் முதல்ல ஓலைதான், ஆனா அங்க துலுவாங்னு ஒண்ணு பெரிசா வந்தது. சாஏன்னு சொல்ற மரத்தோட உள்பட்டையை உரிச்சு ஊற வெச்சு, உலோகச் சுத்தியால தட்டித் தட்டி மடிச்சு மறுபடி தட்டி அகலமாக்கி, வாழை இலையில சுத்தி சில நாள் புளிக்க விட்டு, வாழைத்தண்டு மேல விரிச்சுக் காய வெச்சு, சோழியால தேய்ச்சு வழவழப்பாக்குவாங்க. பொனொரொகோ பக்கம் தெகல்சாரிங்கற ஊரு இதுக்குப் பேர் போனது, அது இஸ்லாமிய மார்க்கக் கல்வி சொல்லித் தர்ற ஊரும் கூட, அதனால பட்டைக் காகிதத்துல அரபு எழுத்துச் சுவடிகளும் நிறைய. அரண்மனைகள்ல ஐரோப்பாக் காகிதம் வந்தப்புறம் முதல் பக்கத்தைச் சுத்தி தங்கம் வெச்சு ஓவியக் கட்டம் போட ஆரம்பிச்சாங்க, அவ்வளவு அழகா இருக்கும். 1812ல ஆங்கிலேயர் யோக்யகர்த்தா அரண்மனையைச் சூறையாடினப்ப அந்தச் சுவடிகளை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. 2019ல பிரிட்டிஷ் லைப்ரரி 75 சுவடிகளோட டிஜிட்டல் பிரதியைக் கொடுத்தது, ஏடு இன்னும் லண்டன்லதான் இருக்கு. எனக்கு இது மனசு ஆறல.

இந்த விஷயத்துல என்னை ரொம்ப பாதிச்சது என்னன்னா, அந்த ஈரக்காத்துல ஓலை ரொம்ப காலம் தாங்காது, அதனால பழைய ஜாவா காவியங்கள்ல முக்கால்வாசி இன்னைக்கு நம்ம கைக்கு வந்ததே பாலிக்காரங்க தலைமுறை தலைமுறையா பிரதி எடுத்துக்கிட்டே இருந்ததாலதான். ஜாவாவை ஆண்ட மஜபாஹித் அரசைப் பத்தி 1365ல ப்ரபஞ்சாங்கற கவிஞர் எழுதின தேசவர்ணனாங்கற காவியம் ஜாவாவுலயே காணாமப் போயிடுச்சு. 1894ல லொம்போக் தீவுல டச்சுப் படை சக்ரநெகரா அரண்மனையைத் தாக்கினப்ப படையோட போயிருந்த ப்ராண்டஸ்ங்கற அறிஞர் அங்க இருந்த ஓலைகளை மீட்டதுல இதுவும் ஒண்ணு, அந்த அரண்மனை லொம்போக்கை ஆண்ட பாலி வம்சத்து ராஜாவோடது. நம்ம காஞ்சிபுரத்து பிக்கு ஒருத்தர் மஜபாஹித் ராஜாவைப் புகழ்ந்து பாட்டு எழுதினாருன்னு அதுல இருக்கு, அந்த ஏடு அன்னைக்குப் போயிருந்தா இது ரொம்ப காலம் நமக்குத் தெரியாமலே இருந்திருக்கும், ஏன்னா பாலியிலயே இன்னும் சில பிரதி கிடைச்சது பிற்பாடுதான். இவ்வளவு பண்ணியும் பிரதி எடுத்தவங்க கடைசி ஏட்டுல என்ன எழுதி வைப்பாங்க தெரியுமா, என் எழுத்து கோணலா இருக்கு, மன்னிச்சுக்குங்கன்னு.

பாலி போறவங்க கடற்கரையோட நிக்காம வடக்க சிங்கராஜாவுக்கு ஒரு நாள் ஒதுக்கிக்குங்க. அங்க கெடோங் கீர்த்யான்னு 1928ல திறந்த சுவடி நூலகம் இருக்கு, ஆரம்ப காலத்துல வீடு வீடா ஓலையைக் கடன் வாங்கி, புது ஓலையில பிரதி எடுத்துட்டு, பழசை உடையவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்தாங்க. ஆனா சரஸ்வதி நாளைப் பார்த்து வெச்சுக்குங்க, 210 நாளைக்கு ஒரு தடவை சனிக்கிழமையில வரும், அன்னைக்கு ஓலைகளுக்குப் பூ வெச்சுப் படைப்பாங்க, படிக்கவோ எழுதவோ மாட்டாங்க.