தரையில் இவ்வளவு பெரிய தொலைநோக்கிகள் இருக்கும்போது விண்வெளிக்கு எதற்கு?

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தரையிலேயே பிரம்மாண்டமான தொலைநோக்கிகள் இருக்கும்போது கோடிகளைக் கொட்டி விண்வெளிக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. அப்படி அனுப்பியவை கண்டுபிடித்ததில், தரையிலிருந்து கண்டுபிடித்திருக்கவே முடியாதது எது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு என் பதில்: புல்லட் கொத்து என்ற, இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதிய இடம். அதை விளக்கினாலே முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சிங்கப்பூரில் யாரிடம் கேட்டாலும் "மேகத்திலிருந்தும் விளக்கு வெளிச்சத்திலிருந்தும் தப்பிக்கத்தான்" என்பார்கள். இங்கே இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் முதலிடத்தில் இருந்த நாடு இதுதான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக முடியாத அளவுக்கு நம் இரவு வானம் வெளுத்துக் கிடக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் அக்கா மகனும் இதையே கேட்டான்: "வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் ஆளில்லாத மலை உச்சிக்குப் போனால் போதாதா மாமா?"

கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை அவன் கேட்டது சரிதான். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மழையும் இல்லை, ஊர் வெளிச்சமும் இல்லை. 39 மீட்டர் அகலக் கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி அங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது. விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர்தான். காற்றின் அசைவால் படம் கலங்குவதைக்கூட, கண்ணாடியின் வடிவத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி இப்போது பெருமளவு சரிசெய்கிறார்கள்.

ஆனால் பிரபஞ்சம் அனுப்பும் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிறு பட்டைதான். எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உடலைத் துளைத்துப் போகும் அந்தக் கதிர், வானத்திலிருந்து வரும்போது நம் காற்று மண்டலத்தைத் தாண்டுவதில்லை. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடை பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். எவரெஸ்ட் உச்சியில் ஏறி நின்றாலும் விண்மீன்களின் எக்ஸ்ரே வந்து சேராது. இங்கே மேகமும் விளக்கும் ஒரு பொருட்டே இல்லை. காற்றைத் தாண்டி வெளியே போயே ஆக வேண்டும்.

1962 ஜூன் மாதம் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவியது. கருவிகள் காற்றுக்கு மேலே இருந்தது சுமார் ஆறு நிமிடம். நிலவிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்க்கப் போனவர்களுக்கு, விருச்சிக ராசிப் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத வீச்சில் எக்ஸ்ரே கிடைத்தது. ஒரு புதிய வானியலே அந்த ஆறு நிமிடத்தில் தொடங்கியது. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழியில் வந்ததுதான் 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலம் கொண்டுபோய்விட்ட சந்திரா என்ற எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கி. சாதாரணக் கண்ணாடியில் நேராகப் பட்டால் எக்ஸ்ரே எதிரொளிக்காமல் உள்ளே புகுந்துவிடும். குளத்தில் சாய்வாக விட்ட ஓட்டுச்சில்லு நீரில் முங்காமல் தத்திப் போவதைப் போல, மிகச் சாய்வாகப் பட்டால்தான் எதிரொளிக்கும். அதனால் சந்திராவின் கண்ணாடிகள் தட்டுகளாக இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று செருகிய நான்கு ஜோடிக் குழாய்களாக இருக்கின்றன. உட்புறம் இரிடியம் பூசப்பட்டிருக்கிறது. சுற்றுப்பாதையோ நிலவுக்கான தூரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை நீள்கிறது. ஹப்பிளைப் போல வீரர்கள் போய்ப் பழுதுபார்க்க வழியே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கென்று திட்டமிட்ட கருவி, கால் நூற்றாண்டைத் தாண்டியும் வேலை செய்திருக்கிறது.

சந்திரா என்ற பெயருக்குரியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே அவர் போட்ட கணக்கு, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குள்ளன் தாங்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்று காட்டியது. இன்று அந்த வரம்பைச் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்கிறோம். 1935இல் புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அதை அரங்கிலேயே எள்ளி நகையாடினார். நோபல் பரிசு வந்தது 1983இல். சந்திரா எடுத்து வெளியிட்ட முதல் படம் காசியோப்பியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சம். அதன் நடுவில் அதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஒளிப்புள்ளி இருந்தது. அது நியூட்ரான் நட்சத்திரம். வரம்பை மீறிய விண்மீனின் மையம் தன் எடையிலேயே நொறுங்கினால் மிஞ்சுவது அதுதான். இங்கே தமிழ் வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி புல்லட் கொத்து. நம்மிடமிருந்து ஏறக்குறைய 370 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் ஒன்றின் ஊடாக ஒன்று மோதிக் கடந்திருக்கின்றன. இத்தகைய கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிரம்பியிருக்கும். எல்லா விண்மீன்களையும் கூட்டினாலும் அந்த வாயுவே எடை அதிகம். அது எக்ஸ்ரேயில்தான் ஒளிரும்.

மோதலில் என்ன நடந்தது? கேலக்ஸிகளுக்கு இடையே ஏராளமான இடைவெளி இருப்பதால் அவை முட்டிக்கொள்ளாமல் கடந்துபோயின. வாயுவோடு வாயு உரசி வேகம் குறைந்து நடுவிலே பின்தங்கியது. இதைக் காட்டியது சந்திரா. பிறகு எடை எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். பெரும் எடை தனக்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை வளைக்கும். அவற்றின் உருவம் லேசாக இழுபட்டுத் தெரியும். ஹப்பிளாலும் சிலியில் உள்ள தொலைநோக்கிகளாலும் அந்த இழுபடலை அளந்து எடையின் வரைபடத்தைப் போட்டார்கள். சாதாரணப் பொருளின் பெரும்பகுதி வாயுவில்தான் இருக்கிறது என்பதால், எடையும் வாயு இருக்கும் நடுப்பகுதியில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது கேலக்ஸிகளோடு இரு பக்கமும் விலகிப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத, எதனோடும் உரசாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. அதைத்தான் கரும்பொருள் என்கிறோம்.

கரும்பொருள் என்ற சந்தேகத்தை 1933இலேயே வானியலாளர் ஸ்விக்கி எழுப்பிவிட்டார். "அப்படி ஒரு பொருளே இல்லை, ஈர்ப்பு விதியைத் திருத்தினால் போதும்" என்ற கட்சியும் வலுவாக இருந்தது. விதியை எப்படித் திருத்தினாலும், பொருள் ஓரிடத்திலும் ஈர்ப்பு வேறிடத்திலும் இருப்பதை விளக்குவது மிகக் கடினம். நான் இதை முதலிடத்தில் வைப்பதற்கு அதுவே காரணம். கரும்பொருள் எதனால் ஆனது என்று இன்னும் எவருக்கும் தெரியாது. ஆனாலும் பல பத்தாண்டு வாக்குவாதத்தின் திசையை ஒரே மோதல் மாற்றிவிட்டது.

மற்றவை சளைத்தவை அல்ல. கெப்ளர் என்ற விண்வெளித் தொலைநோக்கி மற்ற விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுபிடித்தது. பூமி அளவுக் கோள் ஒன்று சூரியனைப் போன்ற விண்மீனைக் கடக்கும்போது ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மங்கும். மினுமினுக்கும் காற்றுக்கு அடியில் உட்கார்ந்து அதை அளக்க முடியாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022இல் வாஸ்ப்-39பி என்ற கோளின் காற்றில் கரியமில வாயுவைத் தெளிவாகக் கண்டது. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். புல்லட் கொத்து இருக்கும் திசையை இங்கிருந்தே காட்டலாம். பிப்ரவரி இறுதியில், மேகம் இல்லாத இரவு ஒன்பது மணிவாக்கில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். தலைக்கு மேலே சிரியஸ் இருக்கும். அங்கிருந்து நேராகத் தெற்கே இறங்கினால், நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளுக்கு வெகு மேலே அகத்திய நட்சத்திரம் தெரியும். இரவு வானின் இரண்டாவது பிரகாசமான விண்மீன் என்பதால் நம் விளக்குகளால் அதை மறைக்க முடிவதில்லை. சென்னையில் பார்ப்பதைவிட இங்கே அது இன்னும் உயரத்தில் இருக்கும். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் வரும் அகலத்தைவிடச் சற்று அதிகமாக, அதற்குக் கீழே இடப்பக்கம் போனால் அந்த மோதல் நடந்த இடம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிள்ளைகளை அழைத்துப் போனால் இடத்தையாவது காட்டுங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் கவலை எதிர்த்திசையில் இருக்கிறது. 2024இல் நாசாவின் வரவு செலவுத் திட்ட முன்மொழிவில் சந்திராவுக்கான தொகையை வெகுவாகக் குறைக்கப் பார்த்தார்கள். வானியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2023இல் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி, எக்ஸ்ரேயை நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதில் சந்திராவை விஞ்சுகிறது. ஆனால் புல்லட் கொத்தில் வாயுவின் விளிம்பை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய படக்கூர்மை, இதுவரை பறந்த வேறெந்த எக்ஸ்ரே தொலைநோக்கிக்கும் வாய்க்கவில்லை.