“ஆடுகள் செத்த நாளிலிருந்து தூக்கம் இல்லை”: கால்நடை மருத்துவருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருக்கிறேன். நாலு மாதம் முன்பு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தழை தின்ற 7 ஆடுகள் என் கண்ணெதிரே செத்தன. போன் வந்து நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. “டாக்டரம்மா வந்தும் ஒண்ணும் ஆவலையே” என்று ஆட்டுக்காரம்மா அழுதது இன்னும் காதில் கேட்கிறது. அன்றிலிருந்து விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு வலி, சாயந்திரமானால் லேசான காய்ச்சல். விவசாயிகளிடம் எரிந்து விழுகிறேன். ஒரு நாயைக் கருணைக்கொலை செய்தால் இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றும் சில நாள் தோன்றுகிறது. கணவர் இடமாறுதல் கேட்கச் சொல்கிறார். மனநல மருத்துவரிடம் போனால் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறிவிடுமா?

பதில்: கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று, அதிலிருந்து தொடங்குகிறேன். இது நோயின் அறிகுறி. இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் உங்களைப் பார்த்தாக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த எண்ணம் “எப்படி, எப்போது” என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால், வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். இன்றே கணவரிடம் சொல்லுங்கள், இரவு தனியாக இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

உங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான கால்நடை மருத்துவர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பெண் கால்நடை மருத்துவர்கள் தற்கொலையால் இறப்பது பொதுமக்களைவிட 3.5 மடங்கும், ஆண்களில் 2.1 மடங்கும் இருந்தது. இவர்கள் மனம் பலவீனமானது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆபத்தான மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இதில் பெரிய காரணம். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிடம், சில மணி நேரம் உச்சத்தில் நின்று பிறகு தணிகிறது. அந்த நேரத்தில் மருந்து எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். அதனால் மயக்க மருந்தும் கருணைக்கொலை மருந்தும் பைக் பெட்டியிலோ வீட்டிலோ இருக்கக் கூடாது. பீரோவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி இரண்டு பேரிடம். ரிஜிஸ்டரில் எடுத்த அளவு, மிச்சம், இருவர் கையெழுத்து. நீங்கள் தேறும் வரை இரண்டு சாவியும் உங்களிடம் வேண்டாம். ஒன்றை உங்கள் கால்நடை ஆய்வாளரிடமும் மற்றதைப் பக்கத்து மருந்தக மருத்துவரிடமும் கொடுங்கள். அந்த மருந்துகள் தேவைப்படும் வேலைகளையும் கொஞ்ச நாள் அந்த மருத்துவரே பார்க்கட்டும்.

அடுத்து அந்தச் சாயந்திரக் காய்ச்சல். எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிட வேண்டாம். தங்கிய நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுக்கிறீர்கள், கலைந்த கன்றைத் தொடுகிறீர்கள், 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோய்க்கு எதிராக, உயிருள்ள கிருமி கொண்ட எஸ்19 தடுப்பூசி போடுகிறீர்கள். இந்த மூன்று வழியிலும் அந்தக் கிருமி உங்களுக்குத் தொற்றலாம். ஊசி கையில் குத்தியதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். மனிதருக்கு வரும் புரூசெல்லோசிஸில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி, அசதி எல்லாம் உண்டு. மனச்சோர்வும் கூடவே வரும். ரத்தத்தில் புரூசெல்லா பரிசோதனை கேளுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்தால், எந்தக் கிருமி என்று சந்தேகிக்கிறோம் என்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் கிருமி வளர நாள் எடுக்கும், ஆய்வக ஊழியருக்கும் தொற்றும். உறுதியானால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரு வேளை 6 வாரம், கூடவே ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். பலர் இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்ப வந்துவிடுகிறது. கருத்தரித்திருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாறும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரையும் பார்த்துவிடலாம்.

இது வேலைச் சோர்வா, மனச்சோர்வு நோயா? வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை, தொழில் சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. நாலு நாள் லீவு போட்டால் அது ஓரளவு இறங்கும். லீவிலும் 3 மணி விழிப்பு நிற்கவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே என்றால் அது நோய். உங்கள் கடிதத்தைப் படித்தவரை எனக்கு நோய்தான் என்று படுகிறது. பிஎச்க்யூ-9 என்று 9 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் போக வேண்டும்.

இனி அந்த 7 ஆடுகள். குச்சிக்கிழங்குத் தழையிலும் தோலிலும் இருக்கும் பொருள், மெல்லும்போது உடைந்து சயனைடை விடுகிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை இன்னும் வேகப்படுத்தும். பிறகு ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாது. ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதிகம் தின்ற ஆடு கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடலாம். சயனைடுக்கு முறிவு மருந்துகளான சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற வேண்டும், அதுவும் உடனே. போன் வந்து முக்கால் மணி நேரம் என்கிறீர்கள். அதற்கு முன் ஆடு தின்றது எப்போது, ஆட்டுக்காரம்மா கவனித்தது எப்போது? இவை உங்களுக்கே தெரியும், ஆனால் 3 மணிக்கு விழித்துக் கிடக்கும் மூளை இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு தாளில் எழுதுங்கள்: தின்ற நேரம், போன் நேரம், சேர்ந்த நேரம், பையில் என்ன இருந்தது, என்ன கொடுத்தீர்கள். கீழே இரண்டு பத்தி, என் கையில் இருந்தது, என் கையில் இல்லாதது. முதல் பத்தியில் ஏதாவது வந்தால் அது அடுத்த முறைக்கான வேலை: தயோசல்பேட்டைப் பையில் வைப்பது, மாதம் ஒருமுறை காலாவதித் தேதி பார்ப்பது, கிழங்கு பிடுங்கும் பருவத்துக்கு முன் ஊரில் சொல்வது. அந்தத் தாளை இன்னொரு கால்நடை மருத்துவரிடம் காட்டி 20 நிமிடம் பேசுங்கள். மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால் குற்றவுணர்வு வளரும், காகிதத்தில் அதற்கு ஒரு எல்லை வந்துவிடும்.

கருணைக்கொலை வேலைக்குத் திரும்பும்போது ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அது அன்றைய கடைசி வேலையாகவும் இருக்க வேண்டாம், அப்படியே வீட்டுக்குச் சுமந்துபோவீர்கள். கண் திறந்தபடி இருக்கும், மூச்சு ஒருமுறை இழுக்கலாம் என்று நாயின் சொந்தக்காரருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல நேரம் அவர் அலறுவதுதான் நம்மை அதிகம் உலுக்குகிறது. முடிந்ததும் கைகழுவிவிட்டு 10 நிமிடம் உட்கார்ந்த பிறகே அடுத்த கேஸ். பிழைக்க வைக்கக்கூடிய நாயைக் கொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மனதுக்கு ஒப்பாததைச் செய்வதுதான் இந்த வேலையில் மிக ஆழமாகக் காயப்படுத்துகிறது.

இரவு அழைப்புகளைப் பக்கத்து மருந்தகத்தோடு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ மருந்தகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மலை ஊரில் நள்ளிரவில் கன்று இழுத்துவிட்டு உடனே வளைவுகளில் வண்டியை இறக்காதீர்கள், 20 நிமிடம் அங்கேயே கண் அயருங்கள். மதியம் 2 மணிக்கு மேல் காபி வேண்டாம்.

மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினால் அநேகமாக எஸ்சிட்டலோப்ராம் போன்ற ஒன்று, 5 மில்லிகிராமில் ஆரம்பித்து 10 வரை. முதல் வாரம் குமட்டல் வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் படபடப்போ சாவு எண்ணமோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே கூப்பிடுங்கள். இது போதை மாத்திரை அல்ல, ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. தேறிய பிறகும் 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும். மருந்தகத்தில் இருப்பதை எடுத்து நீங்களே தூக்கத்துக்குப் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சர்வீஸ் ரிஜிஸ்டர் பயம் பற்றி: புறநோயாளியாகப் போய் வருவதை மருத்துவமனை உங்கள் துறைக்குத் தெரிவிப்பதில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள்தான் உண்டு. மருத்துவ விடுப்பு தேவைப்பட்டால் சான்றிதழின் வாசகத்தை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் இடமாறுதலை இப்போது முடிவு செய்ய வேண்டாம். மனச்சோர்வில் எடுக்கும் பெரிய முடிவுகள் பிறகு உறுத்தும். நோய் இருந்தால் புது ஊருக்கும் கூடவே வரும். சிகிச்சை தொடங்கி 8 வாரம் கழித்து அதே 9 கேள்விகளுக்கு மீண்டும் பதில் எழுதுங்கள். மதிப்பெண் பாதிக்குக் கீழே இறங்கி, 3 மணி விழிப்பும் நின்றிருந்தால், அன்று இருவரும் உட்கார்ந்து இடமாறுதலைப் பேசுங்கள். இறங்கவில்லை என்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்கும்.