கடலுக்குப் போகிறேன் என்கிற பிள்ளையைக் கடனில் இறக்காதீர்கள்

பிள்ளையை அடுத்து எதில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்டு வாடிப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். மாவாட்டுவதிலிருந்து சட்னி அரைப்பது வரை அம்மாதான். பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், கணிதம், கணினி அறிவியல் குரூப், 600க்கு 391. கூடவே பெரியப்பாவும் வந்திருந்தார். பேசியதெல்லாம் பெரும்பாலும் அவர்தான். ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் பேசி வைத்திருக்கிறாராம். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒன்பது லட்சம். மூன்று லட்சத்தை எப்படியாவது புரட்டிவிடலாம், மீதிக்கு பேங்க் லோன். ஆனால் பையன் நேவி, நேவி என்றே நிற்கிறான், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பான் என்றார்.

அம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். “புள்ள நடுக்கடல்ல கெடந்தா எனக்குச் சோறு எறங்குமா சார்?”

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் தெருவிலேயே ஒரு பையன் கடற்படையில் இருக்கிறான், விசாகப்பட்டினத்தில் கப்பல். போன முறை விடுப்பில் வந்தவன் முதல் நான்கு நாளும் தூங்கிக்கொண்டே இருந்தானாம். யாரோடும் சரியாகப் பேசவில்லை. கிளம்புகிற அன்று வாசலில் நின்று செருப்பு மாட்டவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டானாம். அதைப் பார்த்ததிலிருந்து இந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை.

‘எல்லாம் பழகிவிடும்மா’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பலாம். அது அவருக்கும் உதவாது, பையனுக்கும் உதவாது. அதனால் தெருக்காரப் பையனுக்கு நானே போன் போட்டேன். அவன் மறைக்காமல் பேசினான்.

ஏக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்கிறவன் சும்மா சொல்கிறான் என்றான். ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் மூன்று அடுக்குப் படுக்கை. மேலே ஒருத்தன் புரண்டால் கீழே இருப்பவனுக்கு முழிப்பு வந்துவிடும். நான்கு மணி நேரம் வாட்ச், அதாவது முறை போட்டுக் கண்காணிப்பில் நிற்பது, அதற்குப் பகலா இரவா என்ற கணக்குக் கிடையாது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய முதல் சில நாள் வாந்தி எடுத்துக்கொண்டேதான் வேலை பார்க்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு. ஸ்மார்ட்போன் விஷயத்தில் கடற்படை 2019லிருந்தே கறாராக இருக்கிறது, கப்பலில் கையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. வாரக்கணக்கில் வீட்டுக் குரல் காதில் விழாது.

தீபாவளி அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்குமா என்று கேட்டேன். இல்லையாம். அன்றைக்கு மெஸ்ஸில் ஸ்வீட், பாட்டு, சத்தம் என்று பொழுது போய்விடுகிறது. “ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் சார். வீட்ல கறிக்குழம்பு சாப்பிட்டுட்டு எல்லாரும் வெறுந்தரையில படுத்துக் கெடப்போம், ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். கப்பல்ல அந்த மூணு மணி மட்டும் நகரவே மாட்டேங்குது.”

அவனுடைய அம்மா தினமும் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவாராம், போய்ச் சேருகிறதோ இல்லையோ. கப்பல் துறைமுகத்தில் நின்று, கரையிறங்கி, போனைக் கையில் எடுத்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். ஒரே மூச்சில் கேட்டுவிட மாட்டான். கரையில் இருக்கிற நாளுக்கெல்லாம் பிரித்து வைத்துக்கொள்வான். அதில் ஒன்று சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எடுத்தது. கூட்டத்து இரைச்சல்தான் இருக்கிறது, அம்மா குரலே கேட்கவில்லை. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

சரி, வேலையை விட்டுவிடத் தோன்றியதா என்றும் கேட்டேன். தோன்றியதாம். “ஆனா எங்க வீட்ல ஒரு பைசா கடன் வாங்காமத்தான் சார் வந்தேன். அதனால ஒரு மாசம் பாப்போம், இன்னொரு மாசம் பாப்போம்னு இருந்துட்டேன்” என்றான்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி வாக்கியத்தை. வீட்டை நினைத்து ஏங்குவது எல்லாப் பிள்ளைக்கும் வரும். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து முறுக்குப் போட வடக்கே போனவர்களுக்கு வந்தது. வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு வந்தது. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிற பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறது. அதை ஒரு பிள்ளையால் தாங்க முடியும். தனக்காக வீட்டுப் பத்திரம் அடமானத்தில் கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால்தான் தாங்குவது கஷ்டம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லாமல் போய்விடுகிறது.

பெரியப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஆறு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, ஏழு வருடத்தில் கட்ட வேண்டும் என்றால் மாதத் தவணை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. டிபன் கடையில் மழைக்காலத்தில் என்ன நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர். அவருக்காக நான் சொல்கிறேன்: தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை. கட்டப்போகிறவருக்குத்தான் முடிவெடுக்கும் உரிமை.

படிக்கப்போகிறவனையும் கேட்க வேண்டும். கணினிப் பாடத்தில் பைதான் என்ற நிரல் மொழி எப்படி இருந்தது என்றேன். “மனப்பாடம் பண்ணிட்டேன் சார்” என்றான். தெருக்காரப் பையன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவன் முன்னாலேயே சொன்னேன், வாந்தி உட்பட. அவன் திருப்பிக் கேட்ட கேள்வி, “எத்தன நாள்ல நிக்கும் சார்?” இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றிய பாடத்துக்கு ஒன்பது லட்சம் கொட்டாதீர்கள். நான் இதில் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

இன்னொரு பக்கம் தாய்மாமா. சென்னையில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார், ஐந்து லட்சம் கட்டினால் சரக்குக் கப்பலில் வேலை உறுதி என்கிறாராம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித்தருவதற்காகக் கப்பல் பணியாளரிடம் காசு வாங்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. காசு கேட்கிறார் என்பதே அவரை நம்பக் கூடாது என்பதற்குப் போதும்.

பொறியியல் கவுன்சிலிங், கட்-ஆஃப் பற்றியெல்லாம் நான் இங்கே பேசப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கடற்படை பற்றிக் கொஞ்சம். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்துக்குப் பிறகு மாலுமியாகச் சேர்கிறவர்கள் அக்னிவீரர்கள். நான்கு வருடப் பணி, அதற்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகப் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள், ஓய்வூதியம் இல்லை. கடன் இல்லாமல் இருபத்திரண்டு வயதில் கையில் அந்தப் பணம் இருப்பது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடம் முடிந்ததும் என்ன என்ற கேள்வி இந்த வீட்டுக்குப் பெரிய கேள்வி.

வந்தவர்கள் நான்கு பேருமே நினைத்துப் பார்க்காத ஒன்று கடலோரக் காவல்படை. இதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது, 1977இல் தொடங்கியது. ஆனால் அக்னிபத் இதற்குக் கிடையாது. நாவிக் (மாலுமி) பொதுப் பணி என்ற பதவியில் சேர்ந்தால் நிரந்தர வேலை. ஆண்களுக்கானது. வயது 18 முதல் 22. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து வருடம், மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளவர்களுக்கு மூன்று வருடம் தளர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் இருந்தால் போதும். இந்தப் பையனுக்கு இரண்டுமே இருக்கிறது, இரண்டிலும் மார்க்கும் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும். சீருடை, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாவிக்காகச் சேர்ந்தவர் உத்தம் நாவிக், பிரதான் நாவிக், அதிகாரி என்று படிப்படியாக ஏறி பிரதான் அதிகாரி வரை போகலாம், அங்கே அடிப்படைச் சம்பளம் 47,600. வருடத்துக்கு 45 நாள் ஈட்டிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு. அந்த 45 என்ற எண்ணைச் சொன்னபோதுதான் அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலை என்ன? நம் கடல் எல்லைக்குள் ரோந்து. புயல் வருகிறது என்றால் ஆழ்கடலில் இருக்கும் படகுகளைத் தேடிப் போய் கரைக்குத் திரும்பச் சொல்வது, கவிழ்ந்த படகிலிருந்து ஆட்களைத் தூக்குவது. கடலில் சிக்கியவர்கள் கூப்பிடுகிற 1554 என்ற எண் இவர்களுடையதுதான். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை கடத்துகிற படகை மறிப்பது, கடலில் எண்ணெய் சிந்தினால் அதை அகற்றுவது. இது போக அன்றாடக் கப்பல் வேலை தனி: துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, வடம் இழுப்பது, படகு இறக்குவது, இரவில் கண் சிமிட்டாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது. வாட்ச் இங்கேயும் உண்டு, வாந்தி இங்கேயும் உண்டு. ஆனால் ரோந்துக் கப்பல் பெரும்பாலும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் கடலில் இருக்கும், கடற்படைக் கப்பல்களைப் போல மாதக்கணக்கில் தூர தேசத்துக் கடலில் நிற்பது அபூர்வம். மண்டபத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. ராமேஸ்வரம் சுற்றுலா போனபோது அங்கே நீரிலிருந்து மணலில் ஏறி நின்ற ஹோவர்கிராஃப்டைப் பார்த்ததாகப் பையன் சொன்னான். அதை நேவி என்று நினைத்திருக்கிறான். அது கடலோரக் காவல்படையுடையது.

அதற்காக மண்டபத்தில்தான் போடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். குஜராத்தில் ஓகா, போர்பந்தர், ஒடிசாவில் பாரதீப், மேற்கு வங்கத்தில் ஹால்டியா, அந்தமான் என்று எங்கே வேண்டுமானாலும் போடலாம். அடிப்படைப் பயிற்சியே ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில்தான். முதல் ஏக்கம் அங்கேதான் வரும். அந்த மாதங்களில் பேசக் கிடைக்கிற சில நிமிஷத்தில் அழுகையை அனுப்பாதீர்கள் அம்மா. கடையில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மாவு தீர்ந்தது, யார் பாக்கி வைத்தார்கள், பக்கத்து வீட்டு ஆடு எதைத் தின்றது, இதைச் சொல்லுங்கள். ‘எப்படா வருவ’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்காது.

தேர்வுக்கு வருவோம். முதல் பகுதி 60 மதிப்பெண், பத்தாம் வகுப்புத் தரத்தில் கணிதம், அறிவியல், ஆங்கிலம், ரீசனிங், பொது அறிவு. இரண்டாம் பகுதி 50 மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் இயற்பியலும் பாதிக்குப் பாதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, நேரம்தான் குறைவு. இதற்கு லட்ச ரூபாய் கோச்சிங் தேவையில்லை. பள்ளிப் பாடப் புத்தகமும் பழைய வினாத்தாளும் போதும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இயற்பியல், கணிதச் சொற்களின் ஆங்கிலப் பெயரை இப்போதே பழகிக்கொள்ளட்டும். உடல் தகுதிக்கு 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும், 20 முறை உட்கார்ந்து எழுந்திருப்பது, 10 தண்டால். விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிற பையனுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் கண். கண்ணாடி போடாமல் ஒரு கண் 6/6, மற்றொன்று 6/9 இருக்க வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. ஒரு வருடம் படித்து, எழுதி, ஓடி, கடைசியில் மருத்துவச் சோதனையில் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேறு எதற்கும் செலவழிக்கும் முன் மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்ப் பார்வையையும் நிறப் பார்வையையும் சோதித்துவிடுங்கள். காது, பல்லையும் அதற்கான மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண் சரியில்லை என்றால் இந்த வழி இல்லை, வேறு பேசலாம்.

முதல் தடவையே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பொதுவாக வருடத்துக்கு இரண்டு அறிவிப்பு வரும், பையனுக்கு இன்னும் பல வாய்ப்பு இருக்கிறது. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். மதுரைக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி மாதிரி இடத்தில் அரசு உதவி பெறும் பிரிவில் பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ சேரட்டும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். வேலை கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டம் நிற்கும், கடன் நிற்காது. பெரியப்பாவுக்கு இதில் மனம் ஆறவில்லை. ‘எங்க பையன் கப்பல்ல பெயின்ட் அடிக்கிறான்னு சொல்லவா’ என்றார். சொல்லுங்கள். தன் சம்பளத்தில் பெயின்ட் அடிக்கிறான் என்று சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியலும் மற்றொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் விண்ணப்பத்திலேயே இழுபறி, ஆதாரைத் திருத்திவிடுங்கள். அப்புறம், கையில் இருக்கிற பிசி அல்லது எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு வேலைக்கு ஆகாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள், தாலுகா அலுவலகத்திலிருந்து வர நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.