கப்பல், தராசு, அதற்குப் பிறகு: வர்க்கமும் வாக்கும் குறித்த கேள்வி பதில்

2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த மலேசியாவின் 15ஆவது பொதுத்தேர்தலில் 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், ஐந்து நாள் கழித்தே அன்வார் இப்ராகிம் பிரதமராகப் பதவியேற்றார். மலேசிய இந்தியர்களான நம்மவர்களின் ஆதரவு இன்று எங்கே நிற்கிறது, வருமானமும் தொழிலும் அதை எப்படித் தீர்மானிக்கின்றன என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்குத் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

செந்தூலிலிருந்து ஒருவர்: எண்பது வயதான என் தந்தை முன்பு ஆளுங்கூட்டணியின் சின்னமான கப்பலுக்கும் பிறகு அதன் வழிவந்த தேசிய முன்னணியின் தராசுக்கும் தவிர வேறெதற்கும் வாக்களித்ததில்லை. பிள்ளைகள் நாங்கள் மாறிவிட்டோம். அவருடையது வெறும் பழக்கம்தானா?

பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள், ஐயா. தோட்டத்தில் வேலை, வீடு, பள்ளி, மருந்தகம் எல்லாமே நிருவாகத்தின் கைக்குள் இருந்தன; வேலை போனால், தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீடும் போய்விடும். அந்த வேலிக்கு அப்பாலிருந்த அரசாங்கத்தை எட்டுவதற்குத் தொழிலாளிக்குத் தெரிந்த வழி, அந்த ஆளுங்கூட்டணியிலிருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கிளைத் தலைவர்தான். என் தாயாரின் சிவப்பு அடையாள அட்டையை (நிரந்தரவாசிக்கானது) குடிமக்களுக்கான நீல அட்டையாக மாற்றுவதற்காக, என் தந்தை விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால் வெட்டி, எடை போட்டுவிட்டு, கை கழுவியும் போகாத பால் வாடையோடு கிளைத் தலைவர் வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான்கு வரிக் கடிதம் ஒன்றுக்காக மூன்று முறை நடந்தார். கடிதமும் கிடைத்தது, பின்னர் அட்டையும் கிடைத்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அவர் அந்தக் கடிதத்துக்குத்தான் வாக்களித்தார் என்றே நான் நினைக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர்களுக்கும் அந்த நன்றியுணர்வு உண்டு.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: அவ்வளவு உறுதியான பிடிப்பு 2008இல் ஒரே நாளில் எப்படி அறுந்தது?

அது அறுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2008இல்தான் நம் கண்ணுக்குத் தெரிந்தது. ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நகரத்தின் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சென்றன. அங்கே பழைய கிளைத் தலைவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த, இந்தியர் உரிமைக்கான இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணியை முன்னின்று நடத்தியவர்கள் வழக்கறிஞர்கள்; கண்ணீர்ப்புகையையும் இரசாயன நீரையும் தாங்கி நின்ற கூட்டத்தில் பெரும் பகுதியினர் உழைப்பாளிகள். இரு வர்க்கங்கள் ஒரே சாலையில் சேர்ந்து நின்ற அபூர்வமான நாள் அது. அடுத்த மார்ச் 8ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், 1979 முதல் ம.இ.கா.வுக்குத் தலைமை தாங்கிய ச. சாமிவேலு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தொகுதியில் தோற்றார். 2004இல் 9 நாடாளுமன்ற இடங்களை வென்ற கட்சிக்கு 3 மட்டுமே மிஞ்சின.

பங்சாரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: அரிசிப் பைக்கும் ஐம்பது வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) வாக்கை விற்பவர்கள் இருக்கும்வரை எதுவும் மாறாது அல்லவா?

இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. நமக்குக் கடப்பிதழோ கடனோ தேவைப்பட்டால் படிவத்தை நாமே நிரப்புகிறோம், இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைக்கிறோம். அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் மின்தூக்கி பழுதான வாரத்தில், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்லவேண்டிய கணவரைப் படிப்படியாக இறக்கிவிடும் பெண்ணுக்கு, அதைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறவர்தான் அரசாங்கம். அவர் கணக்குத் தெரிந்தே வாக்களிக்கிறார். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைப்பதற்காகக் கட்சி மாறும் நடுத்தர வர்க்கத்தை நாம் கொள்கைப் பிடிப்புள்ளது என்கிறோம். அதே செயலை ஏழை செய்தால் விலைபோனார் என்கிறோம்.

பிறையிலிருந்து ஒரு தொழிற்சாலை ஊழியர்: குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 ரிங்கிட்டாகவும் 2025இல் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. இது ஏன் ஆதரவாக மாறுவதில்லை?

சம்பள உயர்வு அரசிதழ் வழியாக எல்லாருக்கும் வருகிறது. அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவர் என்று யாரையும் காட்ட முடிவதில்லை. கூடுதல் நேர வேலை குறைக்கப்பட்டால் உயர்ந்த தொகையும் கண்ணில் படாது. உரிமையாகக் கிடைப்பது விசுவாசத்தை உண்டாக்காமல் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு மாணவி: எங்கள் தலைமுறைக்கும் இது பொருந்துமா?

ஓரளவுக்குத்தான், அம்மா. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர்களாகிறார்கள். பெயரைப் பதிந்துவிடக் கட்சிக்காரர் வீடு தேடி வருவதில்லை. முதல் கடன்பாடே இல்லாமல் வாக்குச்சாவடிக்குப் போகிறீர்கள்.

செந்தூலிலிருந்து மற்றொருவர்: தொழிலாளிகள் பெரும்பான்மையாக இருந்தும் தொழிலாளர் கட்சிக்கு ஏன் வாக்கு விழவில்லை?

சுங்கை சிப்புட்டையே பாருங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பல்லாண்டு உழைத்த மருத்துவர் மைக்கேல் ஜெயகுமார், அன்வாரின் கட்சியான பி.கே.ஆர். சின்னத்தில் நின்று 2008இலும் 2013இலும் வென்றார். 2018இல் தம் சொந்தக் கட்சியான மலேசிய சோசலிசக் கட்சியின் சின்னத்தில் நின்று தோற்றார். அவர்மேல் மக்களுக்கு மனக்கசப்பு வந்ததாக நான் கருதவில்லை. நாடாளுமன்றத் தொகுதி எதிலும் இந்தியர்கள் பெரும்பான்மையாக இல்லாத நாட்டில், அரசாங்கத் தலைமையகமான புத்ராஜெயாவின் கதவைத் திறக்கப்போகும் கூட்டணி எது என்பதையே அவர்கள் அன்று பார்த்தார்கள். கிளைத் தலைவரின் வாசலில் என் தந்தை பார்த்ததும் அதைத்தான்.